வனவாசமும் சூதும்

பழக்கத்தை ஜெயிக்க வேண்டுமானால் சௌகரியத்தை விட்டு வெளியே வா என்றொரு வாக்கியம் சில வருஷங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள், சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சொல்கின்றன, வங்கி ஊழியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் ஒரு மனிதன். அவனிடமிருந்து வெளியே நீளும் ஓர் அம்புக்குறி. இந்த வட்டத்தின் பூர்வீகம் வைத்தியமும் அல்ல, வேதாந்தமும் அல்ல. 1991இல் ஜூடித் பார்ட்விக் என்ற அமெரிக்கப் பெண்மணி நிர்வாகிகளுக்காக எழுதிய ஒரு புத்தகம்தான் இதை இவ்வளவு பிரபலமாக்கியது. வேலை எப்படியும் போகாது என்ற தைரியத்தில் மந்தமாகிவிட்ட ஊழியர்களைப் பற்றியது அது. மாதச் சம்பளக்காரனின் மெத்தனத்துக்குச் சொன்ன மருந்தை எடுத்து இப்போது குடிகாரனுக்கும் சூதாடிக்கும் நீட்டிக்கொண்டிருக்கிறோம். மருந்து பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை ஆகாயத்தில் வைத்து யோசிப்பதில் அர்த்தமில்லை. ஊர் ஒன்று வேண்டும். முண்டியம்பாக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து போகிற ரயிலுக்கு விழுப்புரத்துக்கு முந்திய ஸ்டேஷன். ஊருக்கு இரண்டு அடையாளங்கள்: சர்க்கரை ஆலை, 2010இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். கரும்பிலிருந்து சர்க்கரை போக மீதிப்படும் கருப்புப் பாகிலிருந்துதான் நம் நாட்டில் பெரும்பாலும் சாராயத்துக்கான ஸ்பிரிட் எடுக்கிறார்கள். நான் இந்த ஆலையைப் பற்றிக் குறிப்பாக எதுவும் சொல்லவில்லை. கரும்பின் ஜாதகத்திலேயே இனிப்பும் போதையும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஜாதகத்தின் பலனை அனுபவிப்பவர்கள் வந்து சேருமிடம் அந்த மருத்துவமனை.

2023 மே மாதம் மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த வாரம் விழுப்புரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டங்களிலுமாக இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பதின்மூன்று மாதம் கழித்து, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால், அறுபது பேருக்கு மேல். அப்போதும் ஒரு பகுதிப் பேரை முண்டியம்பாக்கத்துக்குத்தான் அனுப்பினார்கள். மெத்தனால் தன்னளவில் அவ்வளவு கொடியதல்ல. உடம்பு அதை மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைக் கருக்குகிறது, ரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. குடித்தவன் தூங்கி எழுந்து, மறுநாள்தான் விளக்கைப் போடச் சொல்கிறான், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே. இதற்கு ஒரு மாற்று மருந்து எத்தனால். அதாவது நல்ல சாராயம். ஈரல் எத்தனாலை முதலில் கவனிக்கப் போய்விடுவதால் மெத்தனால் விஷமாக மாறாமல் காத்திருக்கிறது, அதற்குள் அதை வெளியேற்றிவிடலாம். குடித்ததால் சாகக் கிடப்பவனைக் குடியைக் கொண்டே காப்பாற்றலாம் என்கிற இந்த வைத்திய உண்மையில் எந்தத் தத்துவமும் இல்லை. ஆனால் போதையைப் பற்றி ஒற்றை வாக்கியத்தில் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

நம் பெரியவர்கள் வைராக்கியத்தைப் பிரித்துச் சொன்னார்கள்: புராண வைராக்கியம், பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம். கதை கேட்கும்போதும், பிரசவ வலியிலும், சுடுகாட்டிலும் வருவது. வீடு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடுவது. எக்கியார்குப்பத்துக்கும் கருணாபுரத்துக்கும் நடுவே இருந்த பதின்மூன்று மாதங்கள் மயான வைராக்கியத்தின் நீளம். அப்போது எல்லோரிடமும் வைராக்கியம் இருந்தது. அரசாங்கத்திடம், போலீஸிடம், பத்திரிகைகளிடம். குடிக்கிறவர்களிடமும் இருந்திருக்கும். சாவைப் பக்கத்தில் பார்ப்பதைவிடப் பெரிய அசௌகரியம் எது? அது போதவில்லை. எனவே அசௌகரியத்துக்கே ஏதோ சக்தி இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டியிருக்கிறது.

இன்னும் அடிப்படையாக ஒன்று. வட்டத்துக்குள் இருக்கிறவனுக்குத்தானே வெளியே வா என்று சொல்லலாம்? கரும்பு வெட்டுகிறவனின் சௌகரியம் எது? முன்பணம் வாங்கிக்கொண்டு மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டு வந்தவன். தோகை அறுத்த கைகள், பகல் முழுக்கக் குனிந்த முதுகு. வட்டத்தின் நடுவில் அவனை நிறுத்த எந்தப் பயிற்சியாளராலும் முடியாது. அவனுக்கு இருக்கிற ஒரே வெளி ராத்திரி ஏழு மணிக்குக் குவார்ட்டர் பாட்டிலாகவோ, அதைவிட மலிவான பாக்கெட்டாகவோ கிடைப்பது. அவன் ஏற்கனவே வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறான், தினமும். அவனால் முடியாதது உள்ளே இருப்பது. அந்த ஏழு மணியில், அந்தக் குடிசையில், அந்த முதுகோடு, தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பது. இந்த மாவட்டத்தில் சேரி ஊருக்கு வெளியே இருக்கிறது. 2023இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வரக்கூடாது என்று ஒரு சாராரைத் தடுத்த தகராறில் கோயிலையே அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். இங்கே ‘வெளியே போ’ என்பது உபதேசமாக மட்டும் ஒலிப்பதில்லை.

இடம் மாறினால் பழக்கம் மாறும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் வியட்நாம். 1971இல் அங்கிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவன் அங்கே ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தான். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆச்சரியமான முடிவு, அந்தக் காலத்தில் பலர் நம்பவே மறுத்தார்கள். இதை எடுத்துக்கொண்டு, பார், சூழலை விட்டு வெளியேறினால் போதும் என்கிறார்கள். சரி, எந்தச் சூழலை விட்டு? காட்டையும் பீரங்கியையும் பயத்தையும் விட்டு அம்மா சமைத்துப் போடும் வீட்டுக்கு வந்தார்கள். சௌகரியத்தை விட்டு வெளியே வரவில்லை, சௌகரியத்துக்குள் வந்தார்கள். பழக்கம் உதிர்ந்தது நரகத்தின் வாசலைத் தாண்டிய பிறகு. உதாரணம் உபதேசத்துக்கு நேர் எதிராக நிற்கிறது. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குக் கோல்ரிட்ஜ் ஞாபகம் வரும். அபினிக் கரைசலுக்கு அடிமைப்பட்டு, நண்பர்களை இழந்து, 1816 ஏப்ரலில் ஹைகேட்டில் கில்மன் என்ற வைத்தியரின் வீட்டுக்கு ஒரு மாதம் தங்கிக் குணமாகலாம் என்று போனார். பதினெட்டு வருஷம் தங்கினார். 1834இல் அங்கேயே இறந்தார். முழுக்க விடவில்லை. மருந்துக் கடையிலிருந்து ரகசியமாக வரவழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அளவு கட்டுக்குள் வந்தது, ‘பயாகிராஃபியா லிட்டரேரியா’ 1817இல் வெளிவந்தது, ஆள் பிழைத்தார். அங்கே அவருக்கு நடந்ததை வெற்றி என்று சொல்வதா தோல்வி என்று சொல்வதா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. இதற்கு முந்திய ஒரு விஷயத்தை, தானும் அபினிக்காரரான டி குவின்ஸி, ஒரு கட்டுரையில் கொஞ்சம் கேலியோடு எழுதுகிறார். மருந்துக் கடைக்குள் தான் நுழையாதபடி தடுக்க கோல்ரிட்ஜ் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டாராம். அந்த ஆளுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? கோல்ரிட்ஜிடமிருந்து. கடை வாசலில் நிற்கும் கோல்ரிட்ஜ், நேற்றுச் சொன்னது நேற்று, இன்று நிலைமை வேறு, வழியை விடு என்கிறார். கூலியாள் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும்? சம்பளம் கொடுத்த நேற்றைய கோல்ரிட்ஜுக்கா, எதிரே நிற்கும் இன்றைய கோல்ரிட்ஜுக்கா?

இந்தக் கேள்விதான் விஷயம் என்று நினைக்கிறேன். நல்லது எதுவென்று தெரிந்தும் ஒருவன் அதைச் செய்யாமல் இருக்க முடியுமா என்று கிரேக்கர்கள் வாதாடினார்கள். முடியாது, அப்படிச் செய்கிறவனுக்கு உண்மையில் தெரியவில்லை என்று பொருள் என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டில் அதை ஏற்கவில்லை. தெரியும், ஆனால் தூங்குகிறவனுக்கும் குடித்திருப்பவனுக்கும் தெரிந்திருப்பதுபோலத் தெரியும் என்றார். வள்ளுவர் இன்னும் கண்டிப்பானவர். குடித்தவனுக்குக் காரணம் சொல்லித் தெளிய வைக்கப் பார்ப்பதைத் தண்ணீருக்குள் மூழ்கியவனை விளக்கேற்றிக்கொண்டு தேடுவதோடு ஒப்பிடுகிறார். ஆனால் அடுத்த குறளிலேயே விளக்கைத் திருப்பிவிடுகிறார்: தான் தெளிந்திருக்கும் நேரத்தில் இன்னொருவன் குடித்துக் கிடப்பதைப் பார்க்கிறவன் தன்னைப் பற்றி யோசிக்க மாட்டானா? வள்ளுவர் அதைக் கேள்வியாகவே விட்டுவிட்டார். அதிகாரம் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. யோசிப்பான் என்று அவர் எழுதவில்லை.

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறைப் பதில் வருஷாவருஷம் கார்த்திகையில் நடக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டவன் 41 நாள் குடிப்பதில்லை. பத்து வருஷம் தினமும் குடித்தவனும்தான். விடிகாலைக் குளிர்ந்த நீர், செருப்பில்லாத கால், பாயில்லாத தரை, கறுப்பு வேட்டி. அசௌகரியம் என்றால் இது அசௌகரியம். ஆனால் வேலை செய்வது அசௌகரியம்தானா? நான் பார்த்த வரையில் முக்கியமான காரியம் வேறு. அவனுக்குப் பெயர் போய்விடுகிறது. பெண்டாட்டியும் பிள்ளையும் மேஸ்திரியும் டீக்கடைக்காரரும் அவனை ‘சாமி’ என்கிறார்கள். நேற்று வரை அவனோடு பாட்டிலைப் பகிர்ந்தவன் ஒதுங்கி நின்று ‘சாமி, வாங்க’ என்கிறான். ஊரே சேர்ந்து அவனுக்கு ஒரு புது ஆளைக் கடனாகக் கொடுக்கிறது. கோல்ரிட்ஜின் கூலியாளுக்கு இல்லாத அதிகாரம் இந்த ஊருக்கு இருக்கிறது, ஏனென்றால் இவர்கள் அவனிடம் சம்பளம் வாங்கவில்லை.

நாற்பத்திரண்டாவது நாள் மாலையைக் கழற்றுகிறான். பெயரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறான். அன்று சாயங்காலமே கடைக்குப் போகிறவர்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம்; சிரிக்கவும் செய்திருக்கிறோம். சிரிப்புக்குரியது இல்லை அது. உடம்பின் நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் முதல் பத்து நாளிலேயே அடங்கிவிட்டன. 42ஆம் நாள் அவனை அழைப்பது உடம்பல்ல. 41 நாள் முடிந்ததே, எனவே ‘என்னால் முடியாது’ என்பதும் பொய். பின் எது? அவன் பழைய பெயருக்குத் திரும்பினான்; அந்தப் பெயரில் குடியும் இருந்தது. அமெரிக்காவில் 1935இல் குடிகாரர்களே கூடி ஆரம்பித்த இயக்கத்தில் இதற்கு நேர் எதிர் வழி. அங்கே ஒருவன் எழுந்து தன் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்கிறான். இருபது வருஷம் தொடாதவனும் அப்படியேதான் சொல்ல வேண்டும். மண்டலம் கிடையாது, கணக்கு இன்று ஒரு நாளுக்கு மட்டும். நாம் அவனை உயர்த்திப் பெயர் வைக்கிறோம், அவர்கள் தாழ்த்திப் பெயர் வைக்கிறார்கள். உயர்ந்த பெயருக்குக் கெடு உண்டு, தாழ்ந்த பெயருக்குக் கெடு இல்லை. எனக்கு நம் வழி அழகாகவும் அவர்கள் வழி உபயோகமாகவும் படுகிறது.

நம் வட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலக்கியக் கூட்டம் முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் ஆரம்பமாகிறது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘நாளை மற்றுமொரு நாளே’ எழுதிய ஜி. நாகராஜன் 1981இல் மதுரையில் இறந்தார். அவருடைய வாக்கியங்களைவிட அவருடைய சீரழிவை அதிகம் சொல்லிச் சொல்லி ஒரு ஸ்தல புராணமாக்கிவிட்டோம். மத்தியதர வர்க்கத்து ஒழுங்கை மீறி வெளியே வருவதாக நினைத்துக்கொண்டு குடிக்கிற எழுத்தாளனுக்குக் குடியே வட்டம் ஆகிவிடுகிறது. அந்த மீறலைப்போல் சௌகரியமானது வேறில்லை. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், எழுதாததற்குக்கூட. ஔவை, அதியமானின் கள்ளைப் பாடியிருக்கிறாரே என்பார்கள். பாடினார், அவன் இறந்த பிறகு. அங்கே கள் சிறிதாக இருக்கும்போது யாருக்கு, பெரிதாக இருக்கும்போது யாருக்கு என்பதுதான் விஷயம். அதன் பொருள் பகிர்வு. நம் மேஜையில் பில் வரும்போது நடப்பது வேறு.

அரசாங்கத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நாட்டிலேயே பெரிய பழக்கம் அதனுடையது. ராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி போட்டார்; திட்டுகளையும் வாங்கிக்கொண்டார். ஓர் அரசாங்கம் தன் சௌகரியத்தை விட்டு வெளியே வந்ததற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது. அவரோடு எனக்கு வேறு விஷயங்களில் ஒத்துப்போகாது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்பி வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. 2023-24இல் அதன் மூலம் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இடையில் 2016இல் 500 கடை, 2017இல் 500 கடை, 2023இல் 500 கடை என்று மூடினார்கள். தினமும் ஒரு பெக் குறைத்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்பவனின் கணக்கு இது. வருமானம் குறையவில்லை.

இதைவிடச் சுவாரசியமானது 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சிற்றூர்களில் 220 மீட்டர். சென்னை-திருச்சி சாலையில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பிரதேசத்துக்கு அதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கடைகள் சாலையை விட்டு நகர்ந்தன, ஊருக்குள்ளும் வயல் ஓரத்திலும் இடம் தேடின. பெண்கள் பல ஊர்களில் கடையை மறித்து உட்கார்ந்தார்கள், உடைத்தார்கள். குடிக்கிறவன் கூடுதலாக 500 மீட்டர் நடந்தான். அசௌகரியம் துல்லியமாக மீட்டரில் அளந்து கொடுக்கப்பட்டது என்ற அளவில் அது ஒரு பரிசோதனைதான்.

இனி இந்த மண்ணின் கதைக்கு வருகிறேன். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மனின் நாடு. செஞ்சிக்கு அருகே மேலச்சேரிக் கோயிலைத்தான் ஆதி கோயில் என்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. காப்புக் கட்டியவர்கள் அத்தனை நாளும் விரதம். இங்கே பிறந்தவனுக்குச் சூதாட்டம் ஒரு நீதிக்கதையாக அல்ல, விடிய விடியக் கண்முன் நடக்கும் காரியமாகத் தெரியும். தர்மனைப்போல ஓர் ஆள் எப்படிக் காயைத் தொடலாம் என்று கேட்கிற கிழவிகளை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் கோபம் சகுனி மேல் அவ்வளவாக இல்லை.

சபையில் திரௌபதி கேட்டனுப்பிய கேள்வி பிரசித்தம்: தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னைத் தோற்றவனுக்கு அடுத்தவரைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர், தர்மம் நுட்பமானது என்று சொல்லி நழுவினார். நான் கவுண்டரில் நகைக்கடன் பார்க்கிறவன். இந்த நகைகள் என் சொந்த நகைகள் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறோம். தாலிச் சங்கிலியின் சின்னக் குண்டுமணிகள் இன்னும் கழற்றப்படாமல் இருக்க, ஒரு புருஷன் நடுங்கும் கையோடு அதில் கையெழுத்துப் போடுகிறான். பேனாவைப் பிடிக்க இரண்டு தரம் முயற்சிக்க வேண்டியிருக்கிறது. பின்னால் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பாள், சில சமயம் இருக்க மாட்டாள். பீஷ்மரின் பதிலைச் சொல்லிக்கொண்டு நாங்களும் வவுச்சரை நகர்த்துகிறோம்.

ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு முனை இருக்கிறது. தன்னைத் தோற்றவனுக்குப் பணயம் வைக்க உரிமையில்லை என்றால் சங்கல்பம் செய்ய மட்டும் உரிமை எங்கிருந்து வரும்? இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவன் தன் நாளைய தினத்தை அடகு வைக்கிறான். அந்த நாளை அவன் கையில் இல்லாததுதானே அவன் பிரச்னை! கோயிலில் போய்க் கையில் கயிறு கட்டிக்கொள்கிறவர்கள் இதைப் படிக்காமலே புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முடிச்சைத் தானே போட்டுக்கொள்வதில்லை, பூசாரி போடுகிறார். குருசாமி இல்லாமல் மாலை இல்லை. அடகு வைக்க எதுவும் இல்லாதவனுக்கு ஜாமீன்தாரர் தேவைப்படுகிறார். வெளியே வா என்ற உபதேசம் தனி மனிதனை நோக்கிச் சொல்லப்படுகிறது, அவன் கால்கள் அவனுடையவை என்று வைத்துக்கொண்டு.

பாரதம் இதில் ரொம்பத் தூரம் போகிறது. வியாச பாரதத்தில் முதல் சூதுக்குப் பிறகு திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். தர்மன் ஊருக்குப் புறப்பட்டுப் பாதி வழி போய்விட்டான். இதைவிட வெளியே எப்படி வருவது? ஓர் ஆள் ஓடிவந்து மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். நாசம் என்று தெரிகிறது, பெரியவர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்கிறான், திரும்புகிறான். சரி, அதன் தண்டனையாகப் பன்னிரண்டு வருஷம் வனவாசம். மரவுரி, கிழங்கு, தரை. காட்டில் அவன் சூதை மறந்தானா? பிருகதச்வர் என்ற ரிஷி வருகிறார், நளன் கதையைச் சொல்கிறார், போகும்போது பகடையின் சூட்சுமத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகிறார். வனவாசத்தில் தர்மன் சம்பாதித்தது சூதாட்டத் தேர்ச்சி!

நளன் கதையும் அதே திசையில்தான் போகிறது. கலி பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, ஒரு நாள் கால் சரியாக அலம்பாத இடத்தின் வழியாக உள்ளே புகுந்தான். நாடு போய், மனைவியைக் காட்டில் விட்டு, பாம்பு கடித்து உருவம் கோணி, வாகுகன் என்ற பெயரில் இருதுபர்ணனுக்குத் தேரோட்டினான். உடம்பே வேறு, பெயர் வேறு, வேலை வேறு. அப்போதும் கலி உள்ளேதான் இருந்தான். இருதுபர்ணன் தேரில் உட்கார்ந்தபடியே ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்கிறான்; அந்த எண்ணும் வித்தையைக் கற்ற கணத்தில்தான் கலி அவன் உடம்பை விட்டு அந்த மரத்துக்குள் ஓடுகிறான். தான்றிக் காயைத்தான் பழங்காலத்தில் பகடையாக உருட்டினார்கள். கதை சொன்னவர்கள் விவரம் தெரியாமல் மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு நளன் ஊருக்குப் போய் அதே ஆளோடு அதே ஆட்டத்தை ஆடி ஜெயித்துத் திரும்பப் பெறுகிறான், அதோடு நிறுத்துகிறான். துறவிகளின் சிபாரிசு இதுவாக இருக்க முடியாது. குடிக்கிறவனுக்கு இதைச் சொல்வதும் ஆபத்து. இன்னொரு தரம் ஆடிப் பார்க்கிறேன் என்பதுதான் ஒவ்வொரு சூதாடியின் கடைசி வாசகமும். கலி எப்போது போனான் என்று நளனுக்குத் தெரிந்தது. நம்மில் யாருக்குத் தெரியும்?

காடு முடிந்து மறைந்திருக்க வேண்டிய ஒரு வருஷத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு வேஷம் தேர்ந்தெடுக்கிறார்கள். பீமன் சமையல்காரன், அர்ஜுனன் நாட்டியம் கற்பிக்கும் பேடி. தர்மன் எந்த வேலையை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவன் கங்கன் என்ற பெயரில் விராடனுக்குச் சூதாட்டத் துணையாகப் போய்ச் சேர்கிறான். நாட்டை, தம்பிகளை, பெண்டாட்டியைத் தோற்ற அதே பலகையின் முன்னால், சம்பளத்துக்கு. அவள் அதே அரண்மனையில் சைரந்திரியாக, ராணிக்குத் தலைவாரிக்கொண்டு.

அந்த வருஷத்தின் கடைசியில் ஒரு நாள், மகன் ஜெயித்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் விராடன் பலகையைக் கொண்டுவரச் சொல்கிறான். கங்கன் தயங்குகிறான். சூதில் தோஷம் அதிகம், யுதிஷ்டிரன் என்று ஒரு ராஜா இருந்தான், கேள்விப்பட்டிருப்பீர்கள், எல்லாவற்றையும் இதில்தான் தோற்றான், அதனால் எனக்கு இது பிடிப்பதில்லை என்கிறான். மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல. பிறகு, நீங்கள் விரும்பினால் ஆடலாம் என்று சொல்லிப் பலகையின் முன் உட்கார்கிறான். ஆட்டத்தின் நடுவே பேச்சு வளர்ந்து விராடன் ஆத்திரத்தில் காயை அவன் முகத்தில் எறிகிறான். மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது. கங்கன் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றவளைப் பார்க்கிறான். அவள் புரிந்துகொண்டு, ரத்தம் தரையில் விழாமல் ஒரு பொன் பாத்திரத்தில் தண்ணீரோடு வந்து பிடிக்கிறாள்.